சிவப்புப் பொன் ஒட்டு

பிளம் பழப் பாகு கிளறிக்கொண்டிருந்த ஓட்டிலியின் மோதிர விரலில் காலையில் குளவி கொட்டியது. மதியத்துக்குள் விரலே ஒரு பிளம் பழமாக வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. சோப்பு போட்டாள், வாத்துக் கொழுப்பு தடவினாள். ம்ஹூம், அசையவில்லை. நகக்கண் கறுக்கத் தொடங்கியதும் அடுத்த வீட்டு ரொட்டிக்காரி டோரா அவளைக் கீழே பட்டறைக்கு இழுத்து வந்தாள்.

அவள் கணவன், அரண்மனைப் பொற்கொல்லன் லெபரெக்ட், டியூக்கின் மகளுக்கான கல்யாணக் கிரீடத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான்.

"அறுத்துரு," என்றாள் ஓட்டிலி.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அது அவன் போட்ட மோதிரமல்ல. அவளுடைய முதல் கணவர், பட்டறையின் பழைய முதலாளி கீஸ்லிங் மாஸ்டர் தன் கையால் செய்து போட்டது.

கீஸ்லிங் கண்ணை மூடியபோது லெபரெக்ட் இதே பட்டறையில் கூலிக்கு இருந்த வெளியூர்க்காரன். மாஸ்டரின் விதவையைக் கட்டினால்தான் அவனைப் போன்றவனுக்கு அங்கே பட்டறையும் மாஸ்டர் பட்டமும். ஊர்ப் பொற்கொல்லர் சங்கத்தின் வழக்கம் அப்படி. பன்னிரண்டு வயது மூத்தவளான அவள்தான் கட்டிக்கிறியா என்று கேட்டாள். மோதிரம் செய்யட்டுமா என்று அவன் இழுத்தபோது, "ஒண்ணு கிடக்கே, போதும்" என்று முடித்துவிட்டாள். அன்று முதல் பதினெட்டு வருஷமாக அவளை 'முதலாளியம்மா' என்றே கூப்பிடுகிறான். பேரும் வீடும் அரண்மனை வாசலும் அவள் கொடுத்தவை என்று ஜெபத்தில் நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் தன்னைப் புருஷனாகக் கட்டினாளா, பட்டறைக்கு ஆளாகக் கட்டினாளா என்று கேட்க மட்டும் அவனுக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

"ராஜகுமாரிக்கே கிரீடம் செய்யிற கை. பொண்டாட்டி விரல்ல மட்டும் செத்தவர் மோதிரம்!" டோரா பொடி வைத்தாள்.

"நீ போய் ரொட்டி கருகுதான்னு பாருடி."

டோரா போனாள். மோதிரத்தைப் பற்றவைத்த ஒட்டு இருக்கும் இடத்தில் அறுத்தால் வளையம் கெடாது. லெபரெக்ட் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். ஒட்டே தெரியவில்லை. அடடா, என்ன கை அந்த மனுஷனுக்கு! தனக்கு ஊதுகுழல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கையல்லவா! அவன் கண் கலங்கியது.

"ஏன் நிக்கிற? உயிர் போகுது."

"மனசு வரலை, முதலாளியம்மா."

"போட்டிருக்கிறவளுக்கே வந்திருச்சு. உனக்கென்ன?"

மெல்லிய தகடு ஒன்றைச் சதைக்கும் பொன்னுக்கும் நடுவில் நுழைத்து, மயிரிழை ரம்பத்தால் அறுத்தான். மோதிரம் வாய் திறந்தது. ஓட்டிலி பெருமூச்சோடு கையைத் தண்ணீரில் விட்டாள்.

வீக்கம் வடிந்தும் கணு தடித்தே நின்றுவிட்டது. பழைய அளவு இனி ஏறாது. வெறும் விரலோடு அவள் மாவு பிசைவதை ஒரு வாரம் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டான்.

"புதுசா ஒண்ணு செய்யட்டுமா?"

"வேணாம்."

அவன் பட்டறைக்குப் படியிறங்கத் திரும்பினான்.

"அதையே பெருசாக்கு. நடுவுல உன் பொன்னை வை."

"ஒட்டே தெரியாம வச்சிர்றேன், பாருங்க."

"தெரியணும். அவர் பங்கு எது, உன் பங்கு எதுன்னு பார்த்ததும் தெரியணும் எனக்கு." மாவுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு வேணாம்னேன். நீ இன்னொரு தடவை கேப்பியான்னு காத்திருந்தேன். பதினெட்டு வருஷமா கேக்கலையே, மனுஷா!"

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் திருடுவான் தட்டான் என்பார்கள். இந்தத் தட்டான் செம்பு கலந்த சிவப்புப் பொன்னைத் தாராளமாகக் கூட்டினான். பழைய மஞ்சளுக்கு நடுவே அது பளிச்சென்று தெரிந்தது. வாழ்நாளெல்லாம் ஒட்டை மறைத்தே பேர் வாங்கியவன், இரண்டு ஒட்டுக்கோடுகளையும் அப்படியே விட்டுவைத்தான்.

சமையலறைக்குக் கொண்டுபோனான்.

"ஓட்டிலி," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு நீட்டினாள். மோதிரம் ஏறியதும் கட்டைவிரலால் அதை மெல்லத் திருகினாள், சிவப்புத் துண்டு மேலே வரும்வரை.