இரண்டு முறை எழுதிய பெயர்கள்

ஜாஃபர் சாதிக் ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் தன் ஜெராக்ஸ் கடைச் சாவியைத் தௌபீக்கிடம் கொடுத்தார். கடைக் கணினியில் இருந்த ஒரு டெக்ஸ்ட் ஃபைலையும் திறந்து காட்டினார்.

“பெருநாள் குர்பானிக் கறி லிஸ்ட். ஒரு வரிக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு பொட்டலம். அப்படியே பிரிண்ட் போட்டு, துண்டு துண்டா வெட்டிக் குடுத்துட்டாப் போதும். எதையும் மாத்தாத தம்பி.”

“இவ்வளவுதானாண்ணே? என்னமோ பெரிய வேலைன்னு நெனச்சேன்.”

“பெரிய வேலையெல்லாம் உங்க கம்பெனியில. இங்க சின்ன வேலைதான்” என்று ஜாஃபர் சிரித்தார்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில், வசதி உள்ளவர்கள் கொடுக்கும் ஆடுகளில் ஒரு பங்கு பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்து சேரும். அங்கே எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, ஜமாஅத்தின் எல்லா வீடுகளுக்கும் அனுப்புவார்கள். அக்கம்பக்கத்து இந்து வீடுகளுக்கும் போகும். பதினாறு வருடமாக ஜாஃபர்தான் அந்தப் பட்டியலை வைத்திருந்தார். பெயர்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் மேலும் கீழுமாக அடித்து வைத்திருந்தார்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த தௌபீக் பெருநாளுக்காக இரண்டு வார விடுமுறையில் வந்திருந்தான். பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் கடையைத் திறந்து, ஃபைலைத் தன் மடிக்கணினிக்கு மாற்றினான். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். சும்மா கண்ணை ஓட்டியபோது ‘ரசியா பேகம், மேலத் தெரு’ என்று ஐம்பத்தேழாவது வரியில் பார்த்தான். முந்நூற்றுச் சொச்சத்திலும் அதே பெயர் இருந்தது. தௌபீக் வீட்டுக்கு எதிர் வீடு. அந்தத் தெருவில் வேறு ரசியா பேகம் கிடையாது.

அவனுக்குக் கை துறுதுறுத்தது. பைத்தானில் ஏழு வரி நிரல் எழுதினான். ஃபைலை வரிவரியாகப் படி. இந்த வரியை முன்பே பார்த்திருக்கிறாயா என்று கேள். பார்க்கவில்லை என்றால் புது ஃபைலில் எழுது, பார்த்திருந்தால் விட்டுவிடு. அவ்வளவுதான். முதல் ஓட்டத்தில் ஒன்பது வரிகள் போயின. சில வரிகளின் கடைசியில் வெற்று இடங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவற்றையும் வெட்டிவிட்டு ஓட்டியதும் இருபத்து மூன்று. முந்நூற்று எண்பத்தொன்பது பெயர்கள் சுத்தமாக வந்து நின்றன.

சின்ன வயதில் பெருநாள் அன்று அவன் வீட்டுக்குக் கறி இரண்டு தடவை வரும். காலையில் ஒன்று, பத்து மணிக்கு மேல் ஒன்று. எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தான். சில வருடமாக ஒரு தடவைதான் வந்தது. ஊரில் வீடுகள் பெருகிவிட்டன போலும் என்று எண்ணியிருந்தான். இப்போது காரணம் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றியது. யாரோ இருபத்து மூன்று பேர் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால் கறி மட்டும்தான் குறைந்திருக்கும். அவன் நிரலில் இன்னும் ஒரு வரி சேர்த்து, நீக்கப்பட்ட பெயர்களைத் தனியாக எடுத்தான். ஜமாஅத் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான்: ‘லிஸ்ட்டை கம்ப்யூட்டர் மூலம் சரிபார்த்தேன். கீழே உள்ள 23 வீடுகள் இரண்டு பங்கு வாங்கி வந்திருக்கிறார்கள். இந்த வருடம் முதல் அனைவருக்கும் சமமாக ஒன்று.’

கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. மாஷா அல்லாஹ் என்றார்கள். படித்த பிள்ளை ஊருக்கு உதவுகிறான் என்றார்கள். கறிக்கடை ஹாஜா மைதீன் எழுதினார்: ‘ரசியா பேகம் தையல்காரம்மா ஆச்சே. துணியில மட்டுமில்ல, லிஸ்ட்லயும் இரட்டைத் தையல்.’

தௌபீக் அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டான்.

மதியம் அவன் வீட்டில் உட்கார்ந்து சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ரசியா பேகத்தின் குரல் கேட்டது. தங்கை சுமையாவின் பெருநாள் சுடிதாரைத் தைத்து எடுத்து வந்திருந்தாள். வழக்கமாக உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவள். அன்று படியிலேயே நின்றாள்.

“உள்ள வா ரசியா, ஏன் வெயில்ல நிக்கிற?” என்றாள் தௌபீக்கின் தாய் சைத்தூன் பீவி.

“இல்லக்கா, வேலை கெடக்கு. கைக்கிட்ட கொஞ்சம் துணி உள்ள மடிச்சு விட்டிருக்கேன். இறுக்கமா இருந்தாப் பிரிச்சுக்கலாம்.” போகத் திரும்பினாள். “நாளைக்கு எங்க வீட்டுக்குச் சீட்டு வேணாம்னு தம்பிக்கிட்டச் சொல்லிடுங்க. ஒண்ணும் வேணாம்.”

“ஏன்டி?”

“நானும் மக ஷமீராவும்தானே. ரெண்டு பேருக்கு என்ன கறி வேண்டிக்கெடக்கு.”

அவள் செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து போயிற்று. சைத்தூன் பீவி சுடிதாரோடு உள்ளே வந்து மகனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன பண்ணி வச்ச?”

“நான் என்னம்மா பண்ணேன்? ரெண்டு தடவை இருந்ததை ஒரு தடவை ஆக்கினேன்.”

“அவ புருஷன் சவூதியில இருக்கான்னுதானே ஊருக்குத் தெரியும்? அவன் பேசியே மூணு வருஷம் ஆச்சு. அவ யாருக்கிட்டயும் சொல்லல. எனக்கே ஷமீரா வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். ஜாஃபருக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ, அல்லாஹ்தான் அறிவான்.”

தௌபீக்கின் கையில் கத்தரிக்கோல் நின்றது.

“அப்ப பேருக்குப் பக்கத்துல ரெண்டுன்னு போட்டிருக்கலாம்லம்மா?”

“போட்டா, கறி கட்டுறவன்லேர்ந்து கொண்டுபோறவன் வரைக்கும் ஏன் ரெண்டுன்னு கேப்பான். எங்கயோ ஒண்ணு, எங்கயோ ஒண்ணுன்னு கெடந்தா யாரு பாக்கப் போறா? காலையில ஒருத்தன் கொண்டாந்து குடுப்பான். பத்து மணிக்கு வேற ஒருத்தன். வாங்குறவங்களுக்குத் தலை குனிய வேண்டியதில்ல.”

“உனக்கு எப்படிம்மா இவ்வளவு தெரியும்?”

அவள் சுடிதாரின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“உனக்கு ஞாபகம் இருக்குல்ல? பெருநாளைக்கு நம்ம வீட்டுக்கு ரெண்டு தடவை வரும்னு குதிப்பியே. ரைஸ்மில் பெல்ட்ல உங்க அத்தாவுக்குக் கை மாட்டுனதுக்கு அப்புறம்தான் அது ஆரம்பிச்சுச்சு. நாங்க கேக்கல. அதுவா வந்துச்சு. நீ வேலையில சேந்த வருஷம், அத்தா ஜாஃபர் கடைக்குப் போயி, ‘என் பேருல ஒண்ணை எடுத்துடு’ன்னு சொன்னாரு. எதுக்குன்னு அவன் கேக்கல. எடுத்துட்டு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சான்.”

தௌபீக் தந்தையின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அத்தாவுக்கு… நான் குரூப்ல போட்டது தெரியுமா?”

“அவரும் குரூப்லதானே இருக்காரு. பாத்தாரு. சோறு வேணாம்னு எழுந்து போயிட்டாரு.”

நல்லது செய்கிறவர்கள் சிலர் அதைப் பிழை போலத் தோன்றும்படி செய்து வைக்கிறார்கள். பிழையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கை அவர்களுக்கு. பதினாறு வருடம் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. அந்த உப்பைத் தின்று வளர்ந்தவன் கையாலேயே அது பொய்த்துப்போனது.

தௌபீக் குரூப்பில் தன் செய்தியை அழித்தான். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி அதே இடத்தில் வந்து நின்றது. ‘என்ன ஆச்சு?’ என்றார் ஒருவர். ‘என்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்கு’ என்றார் இன்னொருவர்.

மக்காவை அடுத்த மினாவில் இருந்த ஜாஃபருக்குக் குரல் செய்தி அனுப்பினான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல்.

“தம்பி, மனசை விட்றாத. தப்பு என்னுது. மாத்தாதன்னு சொன்னேனே தவிர, ஏன்னு சொல்லல. சொன்னா உனக்கும் தெரிஞ்சிருமேன்னு பாத்தேன். பழைய ஃபைலு அப்படியே இருக்குல்ல, அதையே போடு. நேத்து அரஃபா மைதானத்துல உன் பேரையும் சொல்லித்தான் துஆ கேட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தச் செய்தியின் கடைசி வரியை அவனால் திரும்பக் கேட்கவே முடியவில்லை.

பழைய ஃபைல் இருந்தது. ஆனால் அதை அப்படியே போட்டால் போதாது என்று அவனுக்குப் புரிந்தது. நேற்று வரை யாரும் எண்ணாதிருந்த பொட்டலங்களை நாளை தெருவே எண்ணும். ரசியா பேகம் வீட்டுக்கு இரண்டாவது பொட்டலம் போனால் எல்லா ஜன்னல்களும் பார்க்கும். அவள் கதவைத் திறக்கவே மாட்டாள். மற்ற இருபத்திரண்டு வீடுகளும் அப்படித்தான்.

மடிக்கணினியைத் திறந்தான். பிறகு காலையில் எழுதிய ஏழு வரிகளையும் அழித்துவிட்டு, ஒரே வரி எழுதினான். ஃபைல் முழுவதையும் இரண்டு முறை எழுது. எண்ணூற்று இருபத்து நான்கு சீட்டுகள். ஒரே வீட்டுக்கு ஒரு சுற்றில் இரண்டு சீட்டு விழுந்தால், இரண்டையும் தன் கையாலேயே ஒரே இலையில் கட்டிவிடலாம்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்த ஹாஜா மைதீனைப் பள்ளிவாசல் வாசலில் பிடித்தான்.

“மாமா, பொட்டலத்தைப் பாதி அளவாக் கட்டணும். எல்லா வீட்டுக்கும் ரெண்டு சுத்து போகணும்.”

“எண்ணூறு பொட்டலமா? உனக்கு என்ன, பட்டன் தட்டுனா முடிஞ்சிரும். கட்டுறவன் கைதானே போகும். காலையில ஒண்ணுன்ன, சாயங்காலம் ரெண்டுங்கிற. உன் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?”

“கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செஞ்சுச்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன். லிஸ்ட் சரியாத்தான் இருந்துச்சு மாமா. எனக்குப் படிக்கத் தெரியல. கட்டுற வேலையை நானே பாக்குறேன்.”

“அப்ப அந்த இருபத்து மூணு பேரு?”

தௌபீக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜா மைதீன் முதலில் எரிச்சலோடு அவனைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

“அந்தத் தையல் பேச்சு நான்தானே பேசுனேன்” என்றார். பிறகு, “இலை பத்தாது. கோவிந்தராசு தோப்புல இன்னும் நாலு கட்டு அறுக்கச் சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அன்று மாலை தௌபீக் குரூப்பில் எழுதினான்: ‘ஜாஃபர் அண்ணன் லிஸ்ட்டில் எந்தத் தவறும் இல்லை. யாரும் கூடுதலாக வாங்கவில்லை. தவறு என்னுடையது மட்டுமே. பெயர் போட்ட அத்தனை வீட்டாரும் என்னை மன்னிக்க வேண்டும். நாளை எல்லா வீட்டுக்கும் இரண்டு சுற்று வரும்.’ சிலர் கேலி செய்தார்கள். சென்னையில் சம்பளம் வாங்குவது இப்படித்தானா என்று ஒருவர் கேட்டார். ஹாஜா மைதீன் மட்டும் அன்று கேலி எதுவும் எழுதவில்லை.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும் புதுச்சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு உட்கார்ந்தான். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தால் அவன் அத்தா ஜெக்கரியா. வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. அந்தக் கையால் இலையை அழுத்திப் பிடித்து, இடது கையால் நாரைச் சுற்றினார். மகனைப் பார்க்கவில்லை. கட்டிய பொட்டலங்களை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

மேலத் தெருவுக்குத் தௌபீக்கே போனான். முதல் சுற்றில் ரசியா பேகம் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“வேணாம்னு அம்மாக்கிட்டச் சொன்னேனே தம்பி.”

கதவு சாத்திக்கொண்டது. பொட்டலத்தோடு அவன் திரும்பினான்.

இரண்டாவது சுற்றுக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. மேட்டூர் அணை திறக்க இன்னும் சில நாள் இருந்ததால் தெருமுனை வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ரசியா பேகம் வீட்டுக்கு அடுத்த டீக்கடை ஈஸ்வரி, கையில் வாங்கிய பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“காலையிலதானே ஒண்ணு குடுத்தீங்க? மறந்துட்டுத் திரும்பத் தர்றீங்களா?”

“இல்லக்கா. இந்த வருஷம் எல்லா வீட்டுக்கும் ரெண்டு.”

“நல்ல வழக்கம்தான். ரசியாக்கா, இங்க வாங்க. எல்லாருக்கும் ரெண்டு தடவையாம்.”

கதவு திறந்தது. ரசியா பேகம் தெருவை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தாள். எல்லா வாசலிலும் இலைப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. பிறகு தௌபீக்கைப் பார்த்தாள். வியர்வையில் நனைந்த பனியனையும், வாழைக்கறை படிந்த விரல்களையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்ல நினைத்து வைத்திருந்த மன்னிப்பை ஈஸ்வரிக்கு முன்னால் சொன்னால் அதுவும் இன்னொரு அறிவிப்பாகிவிடும். அதனால் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் நீட்டினான்.

அவள் முந்தானை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“சுமையாவுக்குச் சுடிதார் சரியா இருந்துச்சா? கைக்கிட்ட இறுக்கமா இல்லையே?”

“சரியா இருந்துச்சு மாமி.”

“தண்ணி குடிச்சிட்டுப் போ. மூஞ்சியே வாடிக் கெடக்கு.”

சொம்பை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அவன் படியிலேயே நின்று, அண்ணாந்து குடிக்காமல், குனிந்தே குடித்தான்.