பளிங்கில் என் பெயர்

நான் செத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது எனக்கே தெரியாது. கல்தச்சன் ஒஸ்வால்தோ வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

“துல்லியோ, போர்ல செத்தவங்க பேரைப் பளிங்குல வெட்டச் சொல்லிப் பட்டியல் வந்திருக்கு. அதுல உன் பேரும் இருக்குடா.”

“ஆள் உசுரோட இருக்கான்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே. பட்டியல் ரோம்லேருந்து வந்தது, ரோம் தப்புப் பண்ணாதுன்னுட்டார் கட்சிச் செயலாளர். எழுத்து நல்லா வந்திருக்கு, கவலைப்படாதே.”

கவலைப்படாமல் எப்படி இருப்பது? எதிரியிடம் பிடிபட்டு, முகாமில் ஒரு வருடம் டர்னிப் கிழங்குக் கஞ்சி குடித்துத் திரும்பியவன் நான். இந்த ஆட்சியில் பிடிபட்டவன் பாதித் துரோகி. தலைவரின் படத்தைப் பார்த்துச் சிரித்த தபால்காரருக்குப் போன மாதம் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் புகட்டினார்கள். அரசாங்கக் கல்வெட்டையே பொய்யாக்கிக்கொண்டு நடமாடுகிறவனுக்கு எத்தனை லிட்டரோ.

“கல் திறக்கிற அன்னிக்குக் கூட்டத்தோட நின்னு கத்திட்டு வந்துடுங்க,” என்றாள் என் மனைவி இல்தே. “உங்க குரலை யார் கண்டா.”

எங்கள் வழக்கம் அது. இறந்த வீரனின் பெயரை வாசித்தால், அவனுக்குப் பதிலாக ஊரே ‘உள்ளேன்’ என்று முழங்க வேண்டும்.

போரில் வென்ற நாளான நவம்பர் நான்காம் தேதி, கல்லைத் திறக்க வந்த மாகாண ஆட்சியர் முன்னால் செயலாளர் வாசித்தார். இருபது பெயர்களுக்கு ஊர் முழங்கியது. அடுத்தது, “துல்லியோ ஸானியெர்.”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் மறுபடி வாசித்தார். கறுப்புச் சட்டைக்காரர்கள் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். என் குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. பதுங்குகுழியில் பெயர் கூப்பிட்டால் கத்துவதுபோல், தனியாகக் கத்திவிட்டேன்.

“உள்ளேன், ஐயா.”

ஆட்சியர் மேடையை விட்டு இறங்கி வந்தார். “யார் இது?”

செயலாளரின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. “செத்தவரோட தம்பிங்க.”

ஆட்சியர் என் தோளைப் பிடித்தார். “அண்ணன் எப்படிப்பா செத்தான்?”

சொந்தமாகச் சாகத் துப்பில்லாதவன், கடன்தான் வாங்க வேண்டும். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த சாவு ஒன்றுதான், என் தோழன் எஜிதியோவுடையது. எங்கள் படை பின்வாங்கியதற்குத் தண்டனையாகப் பத்துக்கு ஒருவனைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, எங்கள் அதிகாரிகளே சுட்டார்கள். அப்படிச் செத்தவனுக்குக் கல்லில் இடமில்லை. அவன் அம்மா கத்தீனா மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். அவன் எப்படி நின்றான் என்று அவளிடம் சொல்ல இத்தனை வருடமும் எனக்குத் துணிவு வரவில்லை.

“துப்பாக்கியை நேராப் பார்த்து நின்னான் ஐயா,” என்றேன். “அழல. முந்தின நாள் அம்மா அனுப்பின காலுறையைக் கழட்டி எனக்குக் கொடுத்துட்டான்.”

எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்று கேட்டிருந்தால் தொலைந்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

“இனி நீ தம்பி,” என்று செயலாளர் என் காதில் சீறினார். “சாயங்காலத்துக்குள்ள ஒரு பேரு யோசிச்சு வை.”

அடுத்த பெயருக்கு ஊர் முழங்கியது. அந்தச் சத்தத்துக்குள் கத்தீனா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“கையைக் கட்டியிருந்தாங்களாடா?”

“இல்ல அத்தை,” என்றேன். அவனைப் பற்றிச் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்.