முந்நூறாவது பிரதி

பதினேழாவது பதிப்பகம் வேண்டாம் என்று சொன்ன நாவல் தபாலில் திரும்பி வரவில்லை, நடந்து வந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் பழுப்பு உறைக்குள் இருந்தபடியே, ஒரு முனை மாற்றி ஒரு முனை ஊன்றித் தெருவில் திரும்பி, மழைத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, தன் வீட்டு வாசலுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டது. எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் அதைப் பார்த்தார். உங்கள் நாவல் வந்திருக்கிறது என்று வாசல் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். தெருவைக் கடக்கும்போது லாரி வருகிறதா என்று பார்த்துக் கடக்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் அவருக்கு அதில் அக்கறை இல்லை.

எழுதியவள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பகலெல்லாம் அடுத்தவர்களை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லி, மிச்ச நேரத்தில் ஒன்பது வருடமாக எழுதிய நாவல் அது. அனாதையாக இறந்துபோன நோயாளி ஒருவர் விட்டுப்போன தகரப் பெட்டியை ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி திறக்காமலே இருபது வருடம் வைத்துக் காப்பாற்றும் கதை. அந்த வியாழக்கிழமைக்கு முந்தைய பதினாறு தடவையும் நாவல் ஒழுங்காகத் தபாலில்தான் வந்தது, கூடவே ஒரு கடிதத்தோடு. ஒருவர் நீளம் அதிகம் என்றார். ஒருவர் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் யோசிக்கலாம் என்றார். ஒருவர் முன்னுரை தர யாராவது பிரபலத்தைத் தெரியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். இன்னொருவர் உங்கள் கவிதைகள் எங்களுக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். வாழ்நாளில் அவள் ஒரு கவிதை எழுதியதில்லை. பதினெட்டாவது பதிப்பகத்துக்கு அவளே தபால் நிலையம் போய் அனுப்பிவிட்டு வீடு திரும்பியபோது, உறை அவளுக்கு முன்னால் வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பதிப்பகத்தின்மேல் பாதி, நாவலின்மேல் பாதி. கொஞ்சம் ரோஷம் வேண்டாமா, போய் ஒருநாளாவது அவர்கள் மேசையில் கிடந்துவிட்டு வரக்கூடாதா என்று அதைத் திட்டினாள்.

அவள் கணவன் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவன். இருபது வருடமாக மற்றவர்கள் ஓட்ட, பக்கத்து சீட்டில் தன் பங்குக்கு ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்பதால் எதற்கும் அவசரப்பட மாட்டான். நீயே அச்சுப்போட்டுவிடு என்று சாவகாசமாகச் சொன்னான். அதைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் காசில் தானே புத்தகம் போடுவது தனக்குத்தானே கைதட்டிக்கொள்வது மாதிரி இல்லையா என்று ஒரு மழைக்காலம் முழுவதும் யோசித்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அச்சகக்காரர் ஒரு வரி கேட்கவில்லை. அவர் கவலையெல்லாம் புத்தகத்தின் முதுகு நேராக ஒட்டுமா என்பதுதான். அட்டைக்குத் தகரப் பெட்டி வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கடலில் சூரியன் மறைகிற படம் வந்தது. கதையில் கடலே கிடையாது. கேட்டதற்கு, இந்தப் படத்தைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்றார்.

முந்நூறு பிரதி வந்தது. நூலகங்களுக்கும் கடைகளுக்கும் கொடுத்ததுபோக, உறவு, ஆஸ்பத்திரி, தெரு என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே கணவனின் அண்ணனுக்குக் கொடுத்த பிரதி நடந்து வந்து கதவைத் தட்டியது. நாலாம் பக்கத்தில் ஒரு மடிப்பு இருந்தது. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. படிக்கிறவர் மனசுக்குள் எந்தப் பக்கத்தில் கைவிடுகிறாரோ அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு புத்தகம் கிளம்பிவிடும். ஆகவே அவளிடம் யாரும் பொய் சொல்ல முடியாமல் போயிற்று. தலைமை டாக்டர் வராந்தாவில் அவளை நிறுத்தி, முடிவு பிரமாதம், கண் கலங்கிவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னார்; அவருடைய பிரதி ஒன்பதாம் பக்க மடிப்போடு முந்தின நாளே வீடு வந்து சேர்ந்திருந்தது. நாத்தனாருடையதில் சமர்ப்பணப் பக்கமே மடிந்திருந்தது. நூலகத்துக்குக் கொடுத்த நாற்பதும் ஒரு மடிப்புகூட இல்லாமல், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப்போல வரிசையாக வந்தன. கணவன் பலகை வாங்கி வந்து அலமாரி அடித்தான். கொஞ்சதூரம் தாக்குப்பிடித்தவர்கள் என்று பார்த்தால் பதினோரு பேர். பதினோரு பேரும் நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் கைவிட்டிருந்தார்கள். எக்ஸ்ரே அறையை அவள் முப்பது பக்கத்துக்கு வர்ணிக்கத் தொடங்கும் இடம் அது. இயந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் ஆசை ஆசையாக எழுதியிருந்தாள். நாவலிலேயே உச்சம் அதுதான் என்பது அவள் எண்ணம். பதினோரு பேருக்கும் ரசனை இல்லை என்று முடிவுகட்டினாள்.

பதினாலு மாதத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பிரதி வீடு திரும்பின. ஒரே ஒரு ஆள் முழுசாகப் படித்தால் போதும் என்று அவள் தன் ஆசையைக் குறைத்துக்கொண்டு எத்தனையோ நாளாயிற்று. முந்நூறும் திரும்பிவிட்டால், கையெழுத்துப் பிரதி உட்பட அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, இனிமேல் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத் தவிர வேறெதிலும் பேனா வைப்பதில்லை என்று கணவனிடமே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். சிக்கல் என்னவென்றால், மீதமிருந்த பிரதி அவனுடையது. படித்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்று எப்போதோ சொல்லியிருந்தான். வீட்டுக்குள்ளேயே கிடக்கும் புத்தகம் திரும்பி வர வேறு எங்கே போகும்? அவன் சொன்னது உண்மையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. யோசிக்க யோசிக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஊரார் படிக்காதது போகட்டும், ஒரே கூரைக்குள் இருக்கிற மனுஷன்?

அந்தச் சமயம் பார்த்து, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த அவன் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. ஒரு வாரம் கூட இருக்கக் கிளம்பியவனின் பையில் சட்டைகளுக்கு நடுவே அந்தப் பிரதியை வைத்தாள். அவன் பார்த்தான். அவன் முகம் வெளிறியதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வரும்படி பழைய பேப்பர்காரரிடம் சொல்லிவைத்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, சனிக்கிழமைவரை தெரு காலியாகவே கிடந்தது. ஒருவேளை, ஒருவேளை என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, கடலில் சூரியன் மறையும் அட்டை தெருமுனையில் தெரிந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே போய்ப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டத் தொடங்கினாள். பழைய பேப்பர்காரரும் சாக்கும் தராசுமாக வந்து நின்றார்.

முந்நூறாவது பிரதிக்கு இருபதடி பின்னால் அவள் கணவன் வந்தான். செருப்பு அறுந்திருந்தது, இரண்டு நாள் தாடி, சட்டையெல்லாம் புழுதி. வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். சொம்பை நீட்டிவிட்டு அவள் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். நூற்று எண்பத்தேழு.

"படிச்சிட்டேன்னு அன்னைக்குச் சொன்னது பொய்தான்," என்றான். "அங்க போய்தான் தொறந்தேன். எக்ஸ்ரே ரூம் வந்ததும் முடியலை, மூடி வெச்சுட்டேன். அது எறங்கிக் கிளம்பிடுச்சு. அது வாசலைத் தாண்டின அப்புறம்தான், அந்த ஆயா பெட்டியைத் தொறந்தாளா இல்லையான்னு மனசு கெடந்து தவிச்சுது. ரெண்டு நாளா பின்னாடியே வர்றேன். பிடிச்சா நழுவுது."

"பஸ்ல வந்திருக்கலாமே."

"பஸ்ல வந்தா இது எந்தச் சந்துல திரும்புதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் புத்தகத்தை அவன் கையில் வைத்தாள். இந்தத் தடவை அது நழுவவில்லை. அவன் முப்பது பக்கத்தை ஒரே புரட்டாகப் புரட்டிவிட்டு, படியிலேயே உட்கார்ந்து, அறுந்த செருப்பைக் கழற்றாமல், மத்தியானம் மூன்று மணிவரை படித்தான். காத்திருந்து அலுத்த பழைய பேப்பர்காரர் வாசலோரம் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். அவள் கதவோரம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் திரும்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்தாள். கடைசிப் பக்கத்தை முடித்ததும் அவன் மூக்கை உறிஞ்சினான், சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான்.

"எல்லாம் சரி," என்றான். "அந்த முப்பது பக்கம் எதுக்கு?"

அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. படிக்காமல் புரட்டிவிட்டு எப்படிச் சொல்லலாம் என்றாள். அதையும் படித்து முடிப்பதற்குள் ஆயா கிழவியாகிச் செத்தே போயிருப்பாள் என்றான். அந்த முப்பது பக்கத்தில் ஆயா எக்ஸ்ரே இருட்டறையில் நிற்பது புரியாதவனுக்குப் பெட்டி எப்படிப் புரியும் என்று அவள் கேட்டாள். இருட்டறையில் ஆயா எங்கே நிற்கிறாள், திருகாணிதானே நிற்கிறது என்று அவன் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். அவள் பிடுங்கிப் பார்த்தாள். ஆறு பக்கத்துக்கு ஆயாவைக் காணவில்லைதான். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா, ஏழாம் பக்கத்தைக் காட்டிச் சண்டை பிடித்தாள். பதினேழு பதிப்பகமும் உருப்படியாகத் தராத பதிலுக்கெல்லாம் சேர்த்து வரிவரியாக, பக்கம் பக்கமாக அவனோடு மல்லுக்கு நின்றாள். இன்றைக்கு முடிகிற சண்டையாக இது தெரியவில்லை என்று பார்த்த பழைய பேப்பர்காரர், சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவுக்குப் போனார்.