இடப்பக்கத்து மட்கார்டு

என் காரில் இரண்டே இருக்கைகள். பழைய ஸ்போர்ட்ஸ் கார், என் மகளைவிட மூத்தது. அவளுக்குப் பதினேழு. நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு இருப்பாள். பதினெட்டு ஆகிவிட்டால் ஏற்பாடு முடிந்தது. பிறகு வருவதும் வராததும் அவள் இஷ்டம். பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது.

சமீபத்து ஞாயிறுகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவள் செல்போனைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். போன தடவை கிளம்பும்போது மட்டும் காரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னப்பா இது, ஆறடி ஆளுக்குச் சின்னப் பிள்ளை செருப்பு மாட்டின மாதிரி! பெரிய வீல் போடுங்க, செமையா இருக்கும். நாள் ஃபுல்லா சுத்தலாம்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னிடம் ஏதாவது கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

பழைய வண்டிக்குப் பெரிய சக்கரம் கிடைப்பது லேசில்லை. போல்ட் துளை பொருந்தினால் அகலம் பொருந்தாது, அகலம் பொருந்தினால் பார்க்கச் சகிக்காது. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலமெல்லாம் தேடினேன். கடைசியில் பதினேழு அங்குலத்தில் ஒரு செட் அமைந்தது. பேசும்போதுகூட வாயிலிருந்து போல்ட்டை எடுக்காத வீல் கடைக்காரர் ஒருவர் மாட்டிக் கொடுத்தார். மாட்டியதும் வண்டி தூக்கலாகத் தெரிந்தது. ஸ்பிரிங்கைச் சரிசெய்து வண்டியின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம். அவ்வளவு அழகு.

இத்தனை வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"வண்டி புதுசா?"

"இல்லீங்க, வீல்தான் புதுசு."

பேச்சு அதோடு முடிந்தது.

வாரம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடை, மேம்பாலம், குறுகலான திருப்பம், எதிலும் ஒரு முனகல் இல்லை. ஞாயிறன்று அவளிடம் என்னென்ன பேசலாம் என்று ஓட்டிக்கொண்டே ஒத்திகைகூடப் பார்த்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் பார்த்தேன்.

ஞாயிறும் வந்தது. அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அய்யோ அப்பா, நிஜமாவே போட்டுட்டீங்களா!"

படமெடுத்தாள். யாருக்கோ அனுப்பினாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் திருப்பத்திலேயே பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்றது.

"என்னப்பா சத்தம்?"

"கல்லு ஏதாவது மாட்டியிருக்கும்."

வேகத்தடையில் இன்னும் பலமாகக் கேட்டது. ரப்பர் கருகும் வாடை அடித்தது. "நான் அவ்ளோ குண்டாவா இருக்கேன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடிக்க, ஊர்ந்து ஊர்ந்து வீல் கடைக்கே போய்ச் சேர்ந்தோம்.

கடைக்காரர் மண்டியிட்டு இடப்பக்கத்துப் பின் மட்கார்டின் விளிம்பைத் தடவினார். டயரின் வெளி ஓரம் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"கொஞ்சம் இறங்கும்மா." வண்டி மேலே எழும்பியது. "இப்ப ஏறும்மா." அமுங்கி டயரைத் தொட்டது.

வாயிலிருந்த போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சார், இறக்குறதுக்கு முன்னாடி கேட்டேனே, வண்டியில எத்தனை பேர் போவீங்கன்னு."

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். 'நான் மட்டும்தான், வேற யார் வரப்போறா'ன்னு சொன்னீங்க. அதுக்குத் தகுந்த மாதிரிதான் இறக்கினேன்."

சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதுமே ஞாபகம் வந்துவிட்டது. ஹோட்டலில் எத்தனை பேர் என்று கேட்டாலும், டிக்கெட் கவுண்டரில் கேட்டாலும் அதே பதில். வாய் பழகிவிட்டது. இவளுக்காக மாட்டிய சக்கரத்துக்கும் அதையே சொல்லித் தொலைத்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்கிறேன். எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்குப் பார்த்துப் பலகை மாட்டுவதுதான் என் பிழைப்பு.

அவள் காதிலும் அது விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்படியில்லடா கண்ணு, ஏதோ வாய் தவறி..."

"பரவால்லப்பா. நீங்க ஒண்ணும் தப்பா சொல்லலையே. நான் மாசத்துல ஒரு நாள்தானே வர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

உயர்த்தி வைக்க ஒரு நாள் வேண்டும், நாளைக்குக் கொண்டுவந்து விடுங்கள், அதுவரை இடப்பக்கம் யாரும் உட்கார வேண்டாம், டயர் வெடித்துவிடும் என்றார் கடைக்காரர். நாங்கள் பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். நாள் முழுக்க என்னோடு இருக்க வேண்டியவள், வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

"உயரத்தைச் சரி பண்ணி வைக்கிறேன். அடுத்த மாசம் வருவியா?"

"பாக்கலாம்பா."

வர விருப்பமில்லாத இடத்துக்கெல்லாம் நானும் அப்படித்தான் சொல்வேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையசைத்தாள். பஸ் திரும்பும்வரை நின்றிருந்தேன்.

கடைக்குத் திரும்பினேன். சாவியைக் கொடுத்தார்.

"தனியாத்தானே போறீங்க? ஒண்ணும் ஆகாது சார், தாராளமா ஓட்டிட்டுப் போங்க."

ஓட்டினேன். வந்த வழியிலேயே போய், அதே வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக ஏற்றினேன். அதே திருப்பத்தில் ஒடித்துத் திருப்பினேன். ஒரு தடவையாவது உரசித் தொலையேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். கண் கலங்கி ரோடு சரியாகத் தெரியவில்லை. வண்டி ஒரு சத்தமும் போடாமல் என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது.