முனீஸ் டெக்ஸ், வேலம்பாளையம்

என் பேர் முனீஸ். இதைச் சொல்ல எனக்கு ஒரு நாள் தாமதமாகிவிட்டது. அந்த ஒரு நாளில் லிங்கசாமியின் கை போயிற்று.

இரண்டாயிரத்து ஏழில் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் லேபிள் வைப்பது என் வேலை. கழுத்துப் பட்டியில் மடித்து வைத்து ஒரு தையல், ஒரு நறுக்கு, அடுத்தது. ஜெர்மனிக்காரன் பேர், அமெரிக்காக்காரன் பேர், வாயில் நுழையாத பேர் எல்லாம் என் விரல் வழியாகத்தான் கப்பல் ஏறின. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து ஆறு வருஷமாக ஊரான் பேரையே தைத்துக்கொண்டிருந்தால் எவனுக்குத்தான் எரிச்சல் வராது? எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். சூப்பர்வைசர் மேல் ஒருமுறை கத்தரியை வீசியிருக்கிறேன். அவன் நல்ல நேரம், குனிந்துவிட்டான்.

கம்பெனிக்கு எதிரே கோமளா அக்காவின் பிரவுசிங் சென்டர். ஞாயிறு மத்தியானம் ஆனால் நானும் லிங்கசாமியும் அங்கே ஆஜர். லிங்கசாமி வெள்ளகோவில்காரன், என் பக்கத்து மிஷினில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். நாங்கள் ஆடிய ஆன்லைன் கேமில் ஒரு கோட்டை, சுற்றிலும் காடு. காட்டுக்குள் யாரும் யாரையும் வெட்டலாம். செத்தவன் உடுப்பெல்லாம் கிழிந்து, கோட்டைக் குளத்துப் படிக்கட்டில் வெறும் கோமணத்தோடு உயிர்த்து எழுவான். மானை அடித்துத் தோல் உரித்து, பஞ்சு பறித்துச் சட்டை தைக்கிற வேலையும் அதில் உண்டு. அப்படித் தைத்த சட்டை மேல் மவுசை வைத்தால் எழுத்து வரும்: மேட் பை முனீஸ்.

அதை முதன்முதலில் பார்த்த அன்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். உலகத்தில் பத்துப் பேராவது என் பேரைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

குளத்தோரம் கடை போட்டேன். காதர்பேட்டை பனியன் சந்தையில் கடைக்காரர்கள் கூப்பிடுவது போல "வாங்க சார், உள்ள வந்து பாருங்க சார்" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அடித்து விரல் வீங்கியதுதான் மிச்சம். ஒருத்தன் திரும்பவில்லை. பலகை சரியில்லையோ என்று பெரிதாக ஒன்று மாட்டினேன். விலாசம் இல்லாத பலகையை எந்த ஊரிலாவது கடை என்று ஒப்புக்கொள்வார்களா? அதனால் முழுசாகவே போட்டேன்: முனீஸ் டெக்ஸ், வேலம்பாளையம், திருப்பூர். அதற்கும் ஈ, காக்கை வரவில்லை.

மூணாவது வாரம் ஓநாய் கடித்துச் செத்த ஒருவன் கோமணத்தோடு படியேறி நேராக என் கடைக்கு வந்தான். கேமில் அவன் பேர் சாமி. ஒரு நீலச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு அடித்தான்: "தையல் சூப்பருங்க முனீஸ்." அதுதான் எனக்குப் போணி. என் தையலைப் பாராட்டிய முதல் மனிதனும் அவன்தான்.

அவன் போனதும் எனக்கு மூளை வேலை செய்தது. துணி இல்லாதவன்தான் துணி வாங்குவான். அப்படியானால் எல்லோர் துணியையும் கிழிக்க வேண்டியதுதான்.

"மாப்ள, நீ காட்டு வாசல்ல நின்னு வர்றவன் போறவனை வெட்டு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

லிங்கசாமி யோசித்தான். "பாவமுங்களே?"

"கேம்ல என்னய்யா பாவம்?"

அவன் ஒரு கோடரி வாங்கினான். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் மரியாதை மாறாது. "தப்பா நெனச்சுக்காதீங்க, வெட்டறேனுங்க" என்று அடித்துவிட்டுத்தான் ஓங்குவான். எதிராளி அதைப் படித்து முடிப்பதற்குள் கழுத்து தனியாகக் கிடக்கும். ரத்தம் மரத்தில் தெறிக்கும். ஓடுகிறவனை முதுகில் வெட்டுவான், ஒளிந்தவனைப் புதரோடு சேர்த்து வெட்டுவான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது பேர். குளத்துப் படியில் கோமணக் கூட்டம் நெருக்கியடித்தது. எல்லோரும் என் கடைக்குத்தான் வந்தார்கள், வேறு கடை ஏது? என் பேரை மாட்டிக்கொண்டு மறுபடி காட்டுக்குப் போனார்கள். லிங்கசாமி மறுபடி வெட்டினான். என் பேர் எழுதிய சட்டை கிழிகிறதே என்று ஒரு நொடிகூட எனக்கு உறுத்தவில்லை. உண்மையில் குஷியாக இருந்தது. பக்கத்துச் சீட்டிலிருந்து "வெட்டு, இன்னும் வெட்டு" என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்பதில் சாமியும் இருந்தான். ஒன்பது முறை செத்தான். ஒன்பது முறையும் என்னிடமே வாங்கினான். ஒன்பதாவது முறை சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது லிங்கசாமி கோடரியோடு என் கடைக்குள் வந்து, களைப்பாற உட்கார்ந்துவிட்டான். சாமி அவனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தலைக்கு மேல் பலகையைப் பார்த்தான் போலிருக்கிறது. கேமை விட்டே மறைந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று பேர் சென்டருக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் கடை ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி. வேலம்பாளையத்தில் இருப்பதே நாலு பிரவுசிங் சென்டர். தேடுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

"யார்றா இங்க முனீஸு?"

கோமளா அக்கா எழுந்து, "சண்டையெல்லாம் வெளிய வெச்சுக்குங்க" என்றாள். ஒருவன் அவளை நாற்காலியோடு தள்ளிவிட்டான். கம்பிக்காரன் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என் திரையில் அப்போதுதான் கேம் லோடாகிக்கொண்டிருந்தது. லிங்கசாமியின் திரையில் கோடரிக்காரன் என் கடைப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

"நீதானா முனீஸு?"

லிங்கசாமி என்னைப் பார்த்தான். நான் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு திரையில் லோடிங் கோடு நிரம்புவதைப் பார்த்தேன். பாதிக் கோடு நிரம்பும்வரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆமாங்க" என்றான்.

முதல் அடி முதுகில். நாற்காலி சரிந்தது. மயிரைப் பிடித்து இழுத்து முகத்தை மானிட்டரில் மோதினார்கள். மூக்கு உடைந்து கீபோர்டு முழுக்க ரத்தம். "உன் சட்டையப் போட்டவன்டா நான்! நல்லாருக்குன்னு சொன்னவன்டா! என்னையே ஆள் வெச்சு வெட்டுவியா?" என்று சாமி கத்தினான். "இந்தக் கைதான தெச்சுது?" மற்ற இருவரும் லிங்கசாமியின் வலது கையை மேசைமேல் விரித்துப் பிடிக்க, கம்பி இரண்டு முறை இறங்கியது. முருங்கைக் கொம்பு ஒடிவது போல் சத்தம். ஹெட்போன் போட்டிருந்த எனக்கே கேட்டது.

வாசலில் நின்று அவன் திரும்பினான். "காதர்பேட்டை சாமியப்பன். போலீசுக்குப் போறதா இருந்தா பேரை ஒழுங்காச் சொல்லு."

அவனுக்குத் தன் பேரைச் சொல்ல ஒரு தயக்கமும் இல்லை.

லிங்கசாமியை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் நான்தான். கட்டுப் போட்ட டாக்டர், இரண்டு விரல் இனிப் பழையபடி மடங்காது என்றார். ஓவர்லாக்கில் துணியை நெளியாமல் தள்ளிக்கொடுப்பதே அந்த இரண்டு விரல்தான். ராத்திரி முழுக்க என்னையே நான் திட்டிக்கொண்டேன். நாய் என்றுகூடத் திட்ட முடியவில்லை, நாயாவது குரைத்திருக்கும்.

மறுநாள் காலையில் லீவு சொல்லாமல் காதர்பேட்டை போனேன். சாமியப்பன் பனியன் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வடக்கத்தி வியாபாரிகளுக்கு சைஸ் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான்தான் முனீஸ்" என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முனீஸுக்குக் குடுக்க வேண்டியத நேத்தே குடுத்தாச்சு. நீ யாரு, அவன் பங்காளியா? போ, போ, யாவார நேரம்."

"அவன் லிங்கசாமி. சட்டை தச்சது நான். வெட்டச் சொன்னதும் நான். நான்தான்யா முனீஸ்!"

"அட, போப்பா."

எனக்குக் கண் இருட்டியது. கையில் அகப்பட்ட பனியன் கட்டைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிந்தேன். மேலே பாய்ந்து வாயில் குத்தினேன். அவன் பல் என் விரல் முட்டியில் இறங்கியது. அப்புறம் கடை ஆட்கள் நாலு பேர் என்னைத் தெருவில் போட்டு மிதித்தார்கள். விலாவில், வயிற்றில், காதில். ஒவ்வொரு மிதிக்கும் "முனீஸ், முனீஸ்" என்று கத்தினேன். "பைத்தியம்டா, உட்டுருங்க" என்று சாமியப்பன் உதட்டைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

நொண்டிக்கொண்டு லிங்கசாமியின் அறைக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவன், என் முகத்தைப் பார்த்துப் பதறி எழுந்தான்.

"ஐயோ, யாருங்க அடிச்சது?"

"சாமியப்பன் ஆளுங்க. நான்தான் முனீஸ்னு போய்ச் சொன்னேன் மாப்ள."

இடது கையால் சொம்பில் தண்ணீர் எடுத்து என்னிடம் நீட்டினான். நான் குடித்து முடித்ததும் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"நேத்து அவங்க கேட்டப்ப, நான் உங்க மூஞ்சியத்தானுங்க பாத்துட்டு இருந்தேன்" என்றான்.