கழுத்தெலும்புக்காரி

கோதுமை ரவைக் குஸ்குஸின் ஆவி வண்டிக் கண்ணாடிகளை உள்ளிருந்து மூடியது. கடற்பனி வெளியிலிருந்து மூடியது. நடுவில் இத்தோ போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிதி இஃப்னிக்குத் தெற்கே இந்தக் கரையில் பனி இறங்கிவிட்டால் கடல் எது, மணல் எது என்று தெரியாது. அலைச் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். வண்டியே மெல்ல மிதந்து போவது போலிருக்கும். மற்ற நாட்களில் அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். இன்று வெள்ளிக்கிழமை, ஒன்றும் பிடிக்கவில்லை.

தன் ஊரான அஸ்ரூவின் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தே காலத்தை ஓட்டியவள் அவள். அகாதிர், தான்ஜா, வுஜ்தா என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்ததே தவிர, ஒரு ஊரையும் கண்ணால் பார்த்ததில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து, வேலையிலிருந்தும் ஓய்வு கிடைத்ததும், வீட்டை மகள் கிஸ்லானிடம் விட்டுவிட்டு ஒரு பழைய வேனை வாங்கினாள். சீட்டைப் பிடுங்கிக் கட்டில் போட்டாள். கிழவிக்குப் பைத்தியம், ஒரு மாசத்தில் திரும்பிவிடுவாள் என்றது தெரு. இது இரண்டாவது குளிர்காலம்.

ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் அவள் வீட்டில்தான் இருப்பாள். தொழுகை முடிந்து எல்லோரும் ஒரே தாலத்தைச் சுற்றி உட்காரும்போது, அவள் வழக்கமாக உட்காருமிடத்தில் கிஸ்லான் போனைச் சாய்த்து வைப்பாள். தாலத்தில் அந்தப் பக்கம் யார் கையும் போகாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் நடுவில் இருக்கிற கறியைப் பங்கு வைக்க வேண்டும். அது அம்மாவின் வேலை. எங்கோ ஒரு மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, "சப்பைக்கறி தம்பிக்கு. கொழுப்போட இருக்கே, அது மாப்பிள்ளைக்கு. நல்லி உனக்கு. கழுத்தெலும்பை என் பக்கம் வையி, எனக்கு அதுதான் பிடிக்கும்," என்று போனில் சொல்லுவாள். அந்தக் கழுத்தெலும்பு பிறகு தெருக் காவல்காரருக்குப் போகும் என்பது அவளுக்கும் தெரியும்.

போன வாரம்தான் வினை வந்தது. பேத்தி தூதாவுக்குக் காய்ச்சல். தூங்காமல் கிடந்த கிஸ்லானிடம் போய், "அப்படிப் பிக்காதடி, கறி நார் நாராப் போகுது," என்று இவள் சொல்லித் தொலைத்தாள்.

"தாலத்துல கை வைக்காதவங்க பங்கு வைக்க வேணாம்!" என்று கத்திவிட்டுக் கிஸ்லான் போனை அணைத்தாள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. இத்தோவும் கூப்பிடவில்லை. வீம்பு என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். வீம்பு இல்லை, பயம். இன்று அவர்களாகவே பங்கு வைத்துவிட்டால் அப்புறம் இவள் யார்? எப்போதாவது போன் போடுகிற ஒருத்தி, அவ்வளவுதானே.

கதவு தட்டப்பட்டது. பாறைகளில் சிப்பி பொறுக்குகிற இஸ்ஸா, ஈரப் பாவாடையோடு நின்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவள்.

"என்னக்கா, உன் பட்டாளம் இன்னும் கூப்பிடலியா?"

"கூப்பிடல."

"நீ கூப்பிடறது! விரல் தேஞ்சா போயிரும்?"

"உள்ள வந்து தின்னுட்டுப் போடி. புத்தி சொல்லாத."

இஸ்ஸா சிரித்துக்கொண்டே, இத்தோ இறக்கிவைத்த தாலத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இத்தோ குஸ்குஸை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை. தொழுகை முடிந்து வெகு நேரமாயிற்று. அங்கே பூசணியும் முள்ளங்கியும் தீர்ந்திருக்கும். கறிக்கு வந்திருப்பார்கள். அவள் பார்வை சாவி தொங்குமிடத்துக்குப் போயிற்று. இப்போதே கிளம்பினால் நாளை வீட்டில் இருக்கலாம்.

அப்போதுதான் மடியில் போன் அதிர்ந்தது.

"அம்மா."

"ம்."

"பங்கு வெச்சாச்சு."

"அப்படியா. நல்லது."

"என்ன நல்லது? மூஞ்சியக் காட்டு. வண்டிக் கூரையக் காட்டிக்கிட்டிருக்க."

இத்தோ போனை நிமிர்த்தினாள். கிஸ்லான் தன் போனைத் தாலத்தின் பக்கம் திருப்பினாள். எல்லோர் பக்கத்திலும் குழி விழுந்திருந்தது. இவள் பக்கம் மட்டும் குஸ்குஸ் கலையாமல் குவியலாக இருந்தது. அதன் மேல் நல்லி எலும்பு.

"தப்பா வெச்சிருக்கடி. என்னோடது கழுத்தெலும்பு."

"அத நான் எடுத்துக்கிட்டேன்." கிஸ்லான் கழுத்தெலும்பைத் தூக்கிக் காட்டினாள். "என்னம்மா இருக்கு இதுல? கடிக்க ஒண்ணுமே இல்ல. இதையா இத்தன வருஷமா பிடிக்கும் பிடிக்கும்ன?"

"அம்மா விட்ட புளுகுலயே பெரிய புளுகு இதான்!" பின்னாலிருந்து மகன் ஸுஹைர் சிரித்தான்.

"எனக்குப் பிடிக்கும்டா," என்றாள் இத்தோ.

"வெள்ளிக்கிழமை அதுவுமா பொய் சொல்லாத." கிஸ்லான் மூக்கை உறிஞ்சினாள். "எங்க வேணா சுத்து. யாருக்கு எதுன்னு அடுத்த வாரத்துலருந்து நீயே சொல்லு. உன் பங்க மட்டும் நான்தான் வெப்பேன்."

இஸ்ஸா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"யாரு திங்கப் போறா அத?" என்று மட்டும் கேட்டாள் இத்தோ.

கிஸ்லான் பதில் சொல்லுமுன் ஒரு சின்னக் கை தாலத்துக்குள் வந்தது. காய்ச்சல் விட்ட தூதா, யாரும் தொடாத அந்தப் பக்கத்தில் சப்பென்று உட்கார்ந்து, நல்லியை இரண்டு கையாலும் தூக்கினாள். "ஏய், அது..." என்று கிஸ்லான் கத்துவதற்குள் அதைப் போனுக்கு நேரே நீட்டி, தின்னு தின்னு என்று அழுத்தித் தேய்த்தாள்.

திரை முழுக்க எண்ணெய். முகங்களெல்லாம் மஞ்சளாய்க் கரைந்துபோயின. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தோ தலைத்துணியின் நுனியை எடுத்து, தன் போன் கண்ணாடியை இங்கிருந்தபடியே துடைத்துக்கொண்டிருந்தாள்.