செத்த தட்டின் ஒன்றரை பிட்

ஒரு நினைப்புக்கு ஒன்றரை பிட் என்று விலை போட்டுவிட்டான் கணக்குப்பிள்ளை. ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அதுதான் பெயர். ஆமாவா இல்லையா என்ற ஒரு சந்தேகம் தீர்ந்தால் ஒரு பிட்; அங்கே செல்லுபடியாகும் நாணயம் அது. கண்ணாடித் தட்டில் வளரும் நரம்பு செல்களை நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் மின்சாரத்தால் சீண்டுவான். அவை படபடப்பதை மட்டும் வைத்து, சீண்டிய இடம் எதுவென்று அவனுடைய புரோகிராம் சொல்ல வேண்டும். பிசகில்லாமல் சொன்னால் இரண்டு பிட். ஒன்றரை என்பதே கொழுத்த லாபம்.

போன மாதம் தேறியதோ வெறும் பூஜ்யம் புள்ளி மூன்று. செல்களை வளர்க்கும் அக்காவைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் ஒரு பிடி பிடித்தான்.

"என்னக்கா, சோம்பேறிக் கூட்டத்தை வளர்த்து என் தலையில கட்டிட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அந்தத் தட்டைக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து ஊட்டநீர் மாற்றினாள்.

புதுத் தட்டு வந்ததும் கணக்குப்பிள்ளை ஒரு சின்னக் கைவேலை செய்தான். சீண்டிய மறுகணத்துப் பதிவைப் புரோகிராம் எப்போதும் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடும். கைக்கு வரும் சரக்கை விடுவானேன் என்று அதையும் சேர்த்துக்கொண்டான். எண் ஒன்றரைக்குத் தாவியது.

"பாத்தீங்களாக்கா? திட்டினாத்தான் வளருது!"

நாளைக்கு மறுபடி கூட்டம். இன்னொரு தட்டும் கையில் இருந்தால் எவனும் வாய் திறக்க மாட்டான் என்று, கழுவுதொட்டி ஓரம் இருந்த ஒன்றை எடுத்து ஓட்டினான். அதிலும் ஒன்றரை!

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். "அதை எதுக்குப்பா எடுத்தே? கிருமி பிடிச்சு நேத்தே செத்துப்போச்சு. கழுவ வெச்சிருந்தேன்."

"செத்தது எப்படிக்கா பேசும்?"

"என்னைக் கேட்டா? பேசுதுன்னு சொல்றது நீதானே."

அவன் இரண்டு தட்டின் பதிவையும் திறந்து பார்த்தான். பேசியது செல் இல்லை. அவன் பாய்ச்சிய மின்சாரமே பதிவில் திரும்பி வந்திருக்கிறது. தராசைத் தன் விரலாலேயே அழுத்திவிட்டு, எடை கூடிவிட்டதென்று கூத்தாடியிருக்கிறான்.

அந்தக் கணத்தைப் பழையபடி தள்ளிவிட்டு ஓட்டினான். செத்த தட்டில் பூஜ்யம். புதுத் தட்டில் பூஜ்யம் புள்ளி மூன்று. கொட்டச் சொல்லாமல் சொல்லிக் கொட்ட வைத்தானே, அந்தப் போன மாதத் தட்டும் இதையேதான் சொன்னது.

"அக்கா..." நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "போன மாசத் தட்டுல ஒரு குறையும் இல்லக்கா."

"எனக்குத் தெரியும்பா. அன்னிக்குச் சிரிச்சாங்களே, அவங்களுக்குத்தான் தெரியாது."

"நாளைக்கு அவங்க முன்னாடியே சொல்லிடறேன்."

"சொல்லு," என்று செத்த தட்டை வாங்கிக்கொண்டு கழுவப் போனாள்.

ஒன்றரையில் அவன் விரலின் எடை ஒன்று புள்ளி இரண்டு போயிற்று. கையில் நிற்பது பூஜ்யம் புள்ளி மூன்று. அதுவும் அக்காவின் சரக்கு. கொட்டிய தட்டு ஒன்று, ஒரு மாதத்து ஞாயிறுகள், கூடம் நிறைந்த ஒரு சிரிப்பு. இவை மூன்றும் அவன் பேரில் பாக்கி.